பக்கத்து வீடு

விடியற்காலை மூன்றேகால்.
நெற்றியில் விளக்கைக் கட்டி
முதல் ரப்பர் மரத்தில் கத்தி வைக்கிறேன்.
நானூற்றுப் பத்து மரம்.
நானூற்றுப் பன்னிரண்டாக இருந்தது,
கொழுந்தன் றசல்ராஜ்
எல்லைக்கல்லைப் பிடுங்கி
இந்தப் பக்கம் தள்ளி நடும்வரை.

அந்த இரண்டும் நல்ல பால் மரம்.
ஸ்டான்லி இறந்த எட்டாம் மாதம் அது.
சர்வேயர் வந்தார், சங்கிலி பிடித்தார்,
சாயா குடித்தார், போனார்.
கல் நட்ட இடத்திலேயே நின்றது.
ஐந்து வருடமாய்
திருவிருந்துக்கு முழங்கால் போடும்போதுகூட
எனக்கும் அவனுக்கும் நடுவில்
யாராவது இருக்கும்படி பார்த்துக்கொள்வேன்.

போன பெந்தெகொஸ்தே ஞாயிறு
போதகர் பரலோகத்தைப் பற்றிப் பேசினார்.
பொன் வீதி, முத்து வாசல்.
எனக்கு வீதியும் வேண்டாம் வாசலும் வேண்டாம்.
ஸ்டான்லி அங்கே இருக்கிறார்,
கால் வெடிப்பில் பால் காய்ந்து கறுத்த
அதே பாதத்தோடு,
கட்டஞ்சாயாவுக்குக் கையை நீட்டிக்கொண்டு.
நான் நம்புகிறேன்.
மாதாமாதம் சீட்டுக் கட்டுகிறவள் நம்புவதுபோல.
சீட்டுக் கம்பெனி ஓடிப்போகும்,
இது ஓடாது.

திரும்பி நடக்கையில்தான்
காலில் கல்தட்டியதுபோல் அந்த நினைவு:
றசல்ராஜும் ஸ்தோத்திரம் சொல்கிறவன்தான்.
றசல்ராஜும் அங்கே வருவான்.
அண்ணனுக்குப் பக்கத்து வீட்டைக் கேட்டு வாங்குவான்,
எனக்குத் தெரியாதா அவனை.
ஆயிரம் வருடம், பத்தாயிரம் வருடம்,
கதவைத் திறந்தால் அந்த முகம்.
கல் கிடையாது, கம்பி கிடையாது,
வேறு பக்கம் திரும்பிப் பல் தேய்க்க
ஒரு மூலை கிடையாது.
"கர்த்தாவே" என்றேன் நடுரோட்டில்,
"அவனுக்கு வேற தெருவுல எடம் குடும்."
கடையாலுமூடு போகிற பஸ்
ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

இப்போது அவனுக்குச் சிறுநீரகம் பழுது.
செவ்வாயும் வெள்ளியும் நெய்யூர் ஆஸ்பத்திரி,
பெண்டாட்டியும் கூடப் போவாள்.
அந்த நாட்களில் வெட்டுக்காரன்
வெட்டிவிட்டு அடுத்த தோட்டத்துக்கு ஓடுவான்.
பாலெடுக்கத் திரும்ப ஒன்பது ஆகும்.

இன்று செவ்வாய்.
ஆறரைக்கு மலைப்பக்கம் இருண்டது.
காற்று வந்த விதத்திலேயே தெரிந்தது,
அரைமணி நேரம்கூட இல்லை.
என் சிரட்டைகளை ஓடி ஓடி வழித்தேன்.
கடைசி மரத்தருகே, கல்.
கல்லுக்கு அந்தப் பக்கம்
மரத்துக்கு மரம் நிறைந்து நிற்கிற வெள்ளைச் சிரட்டைகள்.

நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள்.
பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.
போகட்டும் என்றும் வந்தது.
ஒரு நாள் பால்,
என் இரண்டு மரத்துக்கு வட்டிகூட ஆகாது.
பிறகு அந்தக் கதவு.
அதைத் திறக்கப்போகிற காலை.
சாயாவை ஆற்றிக்கொண்டே ஸ்டான்லி கேட்பார்:
"தம்பிக்க பாலு மழையில போவும்ப
நீ பாத்துட்டா நிண்ண?"
அதைக் கேட்டுவிட்டு
பத்தாயிரம் வருடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கல்லைத் தாண்டினேன்.
முதலில் அந்த இரண்டு மரம்.
இப்போதும் நல்ல பால்தான்.
நூற்றெண்பது சிரட்டை முடிந்தது,
மிச்சத்தை மழை எடுத்துக்கொண்டது.
அவன் வாளி, அவன் ஷெட், அவன் தட்டுகள்.
ஆசிட் அளந்து ஊற்றி
மூடி வைத்துவிட்டு வந்தேன்.
தாலுகா ஆபீசில் என் மனு கிடக்கிறது.
கிடக்கட்டும், அதை நான் திரும்ப வாங்கப்போவதில்லை.

சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினான்,
முகம் வீங்கி, கையில் பஞ்சு ஒட்டி.
ஷெட்டுக்குள் போனான். வெளியே வந்தான்.
கல்லுக்கு அந்தப் பக்கம்
ரொம்ப நேரம் நின்றான்.

"ஆசிட்டு கூடிப்போச்சு" என்றான்.

"கூடல்ல" என்றேன்.