எட்டுப் பேர், மிச்சம் ஒரு மணித்தியாலம்

உர்மாஸ் ஹட்டனுக்கு வந்ததற்கு
மூன்று கதைகள்.
மூன்றையும் சொன்னவர் அவரே.

ஆறடி எட்டங்குலம். எந்த லயத்து வாசலும்
நிமிர்ந்தபடி அவரை உள்ளே விட்டதில்லை.
எஸ்தோனியாவில் தொடக்கம்,
பின்லாந்தில் இரண்டு வருசம்,
போலந்தில் ஒரு முழங்கால்,
திரும்பவும் ஊர். விசில், பலகை,
தோற்றால் திங்கட்கிழமை வரும் கடிதம்.
இப்போது டிக்கோயா வாலிபர் கழகம்:
ஓட்டோ ஓட்டும் நிஸ்தார், வங்கியில் காமினி,
ஸ்டோரில் கொழுந்து வாட்டும் பெனடிக்ட்.
நான் மேசையில். மணிக்கூடு என் பொறுப்பு.

மழை விடாத ஒரு பின்னேரம்
பிளேன்டீயை ஆறவிட்டுச் சொன்னார்:
பதினொரு வருசம் விளையாடினேன்.
களத்தில் நின்ற நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன்,
அறுபத்தைந்து மணித்தியாலம்.
மற்றதெல்லாம் வாங்கில்,
தோளில் துவாயோடு.

நான் செக்ரோல் எழுதுகிறவன்.
கை சும்மா இருக்குமா?
எட்டால் பிரித்தேன்.
எட்டுப் பேர். மிச்சம் ஒரு மணித்தியாலம்.

பேர் என்றால்? என்றார்.
ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்.
நோமுக்குக் குறைந்தால் அரைப்பேர்.
பெயருக்கும் அதே சொல்தான் என்றதும்
அவருக்குச் சிரிப்பு:
அப்படியானால் எனக்கு எந்தப் பாதி,
உர்ரா, மாஸா?

நுவரெலியாவில் பொலிஸ் அணியோடு ஆட்டம்.
மூன்றாம் கால்பகுதியில் பனி இறங்கி
எதிர்க்கூடை காணாமல் போயிற்று.
வளையமா பலகையா என்று
காதால்தான் எண்ணினோம்.
ஒன்பது புள்ளி பின்னால்,
நாற்பத்தொரு செக்கன் இருக்க,
பெனடிக்டைக் கூப்பிட்டார்.

இரண்டு வருசமாக வாங்கிலேயே இருந்தவன்.
ஜேர்சியில் பெட்டி மடிப்பு இன்னும் கலையவில்லை.
ஓடினான். கையை உயர்த்தினான்.
பந்து அந்தப் பக்கம் வரவேயில்லை.
மணி அடித்துவிட்டது.

உர்மாஸ் மேசைக்கு வந்தார்.
புள்ளியைப் பார்க்கவில்லை.
பெனடிக்டுக்கு எவ்வளவு?
ஒரு நிமிசமும் இல்லை கோச்,
பூச்சியம் போடுவதுதான் வழக்கம்.
நாற்பத்தொன்று, என்றார். எழுது.
அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.

மறுநாள் கடைசி நிறுவையில்
பெனடிக்டின் மனைவி சகாயராணி.
மழைக் கொழுந்து. தண்ணிக்கு வேறு கழிவு.
நோமுக்கு இரண்டு கிலோ குறைவு.
பின்னால் நீண்ட வரிசை,
கங்காணியின் கண் என் பென்சிலில்.

அரை என்று போட்டேன்.

அன்றைய பயிற்சிக்கு
மணிக்கூட்டை மட்டும்
நிஸ்தாரின் ஓட்டோவில் கொடுத்தனுப்பினேன்.