பொருள்: தண்ணீர், நேரம்

வெள்ளி மாலை ஏழு மணிக்கு
கழுத்தில் ஓர் அட்டை மாட்டிவிட்டார்கள்.
நிரோஜினி அதற்குள் அடங்காமல்
நிரோ என்று நின்றது.
ஸ்பதைனா தெருவில் பழைய தையல் ஆலை,
மூன்றாம் மாடி, எட்டாம் அறை.
ஒரு கதிரையில் ஒருவரையும்
இருக்க விடாமல் பார்ப்பது என் வேலை.

கதிரை ஐஸால் ஆனது.
மொன்றியலிலிருந்து குளிர் லொறியில்
கம்பளி சுற்றி வந்தது.
செய்தவள் மரியேல்.
ஞாயிறு ஐந்து மணிக்கு முடிந்துவிடும் என்றாள்,
பஸ் நேரம் சொல்வதுபோல.

சுவரில் ஒரு சின்னச் சீட்டு.
பொருள்: தண்ணீர், நேரம்.
அதன் பொருள் என்ன என்று கேட்டவர்களுக்கும்
அந்தச் சீட்டையே காட்டினேன்.

எனக்குக் கதிரை இல்லை.
ஒப்பந்தம், பக்கம் இரண்டு:
காவலர் நிற்க வேண்டும்.

அந்த இரவு ரொறொன்ரோ தூங்கவில்லை.
பாலத்துக்குக் கீழே ஆயிரம் குடைகள் எரிந்தனவாம்,
நகரசபை முன்றலில்
துணித் திமிங்கிலம் ஒன்று மூச்சு விட்டதாம்.
எல்லாம் அடுத்தவர் போனில்
என்னைக் கடந்து போயின.
பக்கத்து அறையில் குவாபெனா
சத்தம் வராத ஒரு முரசைக் காத்தான்.
கதவோரம் வந்து சொன்னான்:
உனக்குப் பரவாயில்லை,
உன்னுடையது ஏதோ செய்கிறது.

சனி பின்னேரம்
வரிசை படியிறங்கித் தெருவுக்குப் போயிற்று.
இது அதிகாரம் என்றார் ஒருவர்.
காலநிலை என்றாள் ஒருத்தி.
தொப்பி போட்ட மாணவன் மூலையில் நின்று அழுதான்,
நான் கேட்கவில்லை.
நான் திரும்பிய நேரம் பார்த்து
ஒரு சிறுமி கைப்பிடியை நக்கிவிட்டாள்.
"வெறும் தண்ணி," என்றாள் தமிழில்,
ஏமாற்றத்தோடு.
அவளுடைய அம்மா குரலைத் தாழ்த்தினாள்:
"மணித்தியாலத்துக்கு எவ்வளவு தருகினம்?"
"பதினெட்டு."
"முழுக்க நிண்டுகொண்டோ?"

நாற்காலி என்று பாடப்புத்தகத்தில் படித்தோம்.
கால் கணக்கு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.
இரவு பதினொன்றரைக்கு
முன்கால் ஒன்று விரலாகி
ஈர்க்காகி
இல்லாமல் போனபோது
நாற்காலி பொய்த்துவிட்டது.
வீட்டில் எங்களுக்கு அது கதிரை.
கப்பலில் வந்த சொல்,
கால் எண்ணத் தெரியாது.
மூன்றிலும் கதிரை,
ஒருபக்கம் சரிந்து
முழங்கால் அளவுக்கு வந்த பிறகும் கதிரை.

என் கால் இரண்டும் அப்படியே இருந்தன,
சப்பாத்துக்குள் கொஞ்சம் பெருத்து.

ஞாயிறு நாலேகாலுக்கு
தெருவில் மேளம் கேட்டது.
பொம்மை ஊர்வலம்!
அறை முழுக்க யன்னலுக்கு ஓடியது,
மரியேல்கூட, கமெராக்காரனும்கூட.

அப்போதுதான் விழுந்தது.

பெரிய சத்தமில்லை.
ஈரச் சட்டை தரையில் விழுந்த மாதிரி,
பிறகு ஒரு சின்ன நறுக்.
நாற்பது முதுகுகளும் நானும்.

திரும்பினார்கள்.
கோபமா சிரிப்பா தெரியாத முகத்தோடு
மரியேல் என்னிடம் வந்தாள்.
நீ பார்த்தாயா?
எப்படி விழுந்தது?

ஆங்கிலத்தில் தொடங்கினேன்.
முதலில் இடது, இல்லை, அது என் இடது...
வாய்க்கு வரவில்லை.
ஆகவே காட்டினேன்.
இடது முழங்காலை மெல்ல விட்டேன்.
தோள் அந்தப் பக்கம் சரிந்தது.
ஒரு கணம் நின்றேன், அதுவும் நின்றது.
பிறகு மற்றக் காலையும் விட்டு
பொத்தென்று தண்ணீருக்குள் இருந்தேன்.

இரண்டு நாளில் முதல் தடவை.

யாரோ கை தட்டினார்கள்.
கமெராக்காரன்
இன்னொரு தரம் செய்ய முடியுமா என்று கேட்டான்.
மேற்பார்வையாளர் வாசலில் நின்று
பக்கம் இரண்டை நினைத்திருப்பார்.
குவாபெனா தன் முரசை விட்டுவிட்டு வந்து
கை கொடுத்தான்.
இன்னும் கொஞ்சம், என்றேன்.

குளிர் மெல்ல ஏறியது, நல்ல குளிர்.
மரியேல் சீட்டைச் சுவரிலிருந்து உரித்தாள்,
பேனையைத் திறந்தாள்,
எதையும் எழுதாமல் மூடினாள்.

மார்க்கம் வீதி பஸ்ஸில் ஏழெட்டு இருக்கை காலி.
காற்சட்டை நனைந்திருந்தது.
நின்றே போனேன்.