மார்பு திறந்த சட்டை

கட்டிலில் படுக்கச் சொல்லி
நீலப் பேனாவால் என் மார்பில்
இரண்டு வட்டம் போட்டாள் டாக்டர் எங்கெரெல்.
காம்புக்கு அடியில் விரல் வைத்து அழுத்தினாள்.
ஆட்டுக் கணுக்கால் எலும்பு அளவுக்கு ஒரு கட்டி,
இரண்டு பக்கமும்.
"இது கொழுப்பில்லை, சுரப்பி.
ஓடினாலும் கரையாது, பட்டினி கிடந்தாலும்."

வெட்டி எடுக்கலாம்.
உலான்பத்தோரில், இருபத்தைந்து செம்மறிகளின் விலை.
சில நாள் வடிகுழாய், சில மாதம் மல்லுக்கு விடுப்பு.
பொறுத்தும் பார்க்கலாம், விடலைப் பையன் என்றால்.
எனக்கு இருபத்தொன்பது.
இல்லையா, இறுக்கு பனியன் போட்டு மறைக்கலாம்.

சிரித்துவிட்டேன். பாவம், நகரத்துக்காரி.
எங்கள் மல்யுத்தச் சட்டைக்குக் கை உண்டு, முதுகு உண்டு,
மார்பு கிடையாது.
முன்னொரு காலம் ஒருத்தி ஆணாக உடுத்தி வந்து
அத்தனை பேரையும் மண்ணில் போட்டாளாம்.
அன்றைக்குக் கத்தரித்தது.
அவளுக்கு வைத்த கண்ணி
இவ்வளவு காலம் புல்லில் கிடந்து
என் காலைச் சுற்றியது.

போன ஜூலைத் திருவிழாவில்
தாவாஜார்கலை இடுப்போடு தூக்கிவிட்டேன்.
காதருகே மூச்சிரைக்கச் சொன்னான்:
"விடும்மா, வலிக்குது."
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. சத்தியமாகச் சிரிப்புதான்.
பிடி நழுவி
முழங்கால் தரையில்.

"எனக்கென்ன, தலை வைக்க மெத்தென்று இருக்கிறது"
என்றாள் ஸோல்ஸாயா.
தேநீரில் உப்பு போட்டுக்கொண்டே,
"ஆனால் நீ சுவரைப் பார்த்துச் சட்டை மாற்றுகிறாயே,
அதையும் வெட்டுவார்களா, கேட்டாயா?"

இரவு, கணுக்கால் எலும்பை உருட்டினேன்.
குதிரை விழுந்தால் வெட்டு,
ஒட்டகம் என்றால் பொறு,
செம்மறி என்றால் பனியன்.
விழுந்தது வெள்ளாடு.
எலும்புக்குப் பக்கம் நான்கு,
டாக்டர் சொன்ன வழி மூன்று.
மறுபடி உருட்டினேன். மகள் பாய்ந்து எடுத்து
வாயில் போட்டுக்கொண்டாள்.

காலையில் பட்டிக்குப் போய்
இருபத்தைந்து வரை எண்ணினேன்.
பிறகு சிக்னலுக்காக மேட்டில் ஏறி நின்று
டாக்டரை அழைத்தேன்.

ஆகஸ்டில் ஒரு தேதி கொடுங்கள்.
இல்லை, அதற்கு முன்னால் வேண்டாம்.
ஜூலையில் ஒருமுறை இப்படியே இறங்கவேண்டும்.
தாவாஜார்கல் காதருகே வந்து
என்ன சொல்கிறான் என்று கேட்கவேண்டும்,
இந்தத் தடவை சிரிக்காமல்.