அணைத்த பிறகும்

கணினியை அணைத்தேன்.
கணினி அணைந்தது, விளக்கு அணையவில்லை.

கறுப்புப் பெட்டியின் கண்ணாடி விலாவுக்குள்
மதர்போர்டின் ஓரமாக
ஊதா, பச்சை, மிட்டாய்ச் சிவப்பு என்று
ஒரு ரயில் நிற்க ஸ்டேஷன் இல்லாமல் சுற்றுகிறது.

பழையபேட்டை இம்தியாஸ் விற்ற பெட்டி.
கேம் சென்டரை மூடிவிட்டு
மாங்கூழ் ஆலைக்குக் கணக்கெழுதப் போனவன்.
"லைட்டுக்குக் காசு வாங்கலக்கா, அது சும்மா" என்றான்.
சும்மா வந்ததுதான்
சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

என் வேலை கல்யாண ஆல்பம்.
காவேரிப்பட்டணத்து ஸ்டுடியோ அனுப்பும் முகங்களில்
வியர்வை துடைப்பேன்,
பின்வரிசையில் கொட்டாவி விட்ட மாமனை வெட்டுவேன்,
மாலை வாடாமல் பார்த்துக்கொள்வேன்.
போன மாதம் ஒரு பெண்ணின் அரக்குப் பட்டு
அச்சில் கத்தரிக்காயாக வந்து நின்றது.
"கண்ணு தெரியலையாம்மா?" என்றார் பெண்ணைப் பெற்றவர்.
தெரிந்தது. அதுதான் சிக்கல்.
சுவரெல்லாம் ஊதா.
அதற்குப் பழகிய கண்
சேலைக்கு ஊதா போதவில்லை என்று
இன்னும் ஒரு கரண்டி ஊற்றியிருக்கிறது.
நாற்பது பக்கம். மறு அச்சு. என் செலவு.

துண்டைப் போட்டு மூடினேன். ஃபேன் அலறியது.
அணைப்பதற்கென்றே ஒரு மென்பொருளாம், இறக்கினேன்.
அறை முழுக்கத் தேர்த்திருவிழா நடக்கும்போது
"விளக்கு எதுவும் காணப்படவில்லை" என்றது.

ஜன்னலுக்கு வெளியே கெம்பண்ணனின் சாமந்தி.
ராத்திரியில் வரிசை வரிசையாகக் குண்டு பல்பு.
இன்னும் பொழுது சாயவில்லை என்று
சொல்லிக்கொண்டே இருந்தால்
செடி மொட்டு வைக்காதாம், உயர்ந்துகொண்டே போகுமாம்.
பண்டிகைக்கு நாள் எண்ணி ஒரு நாள் நிறுத்துவார்.
அன்றைக்குத்தான் அதற்கு இரவு.

ஒன்பதரை மணிக்கு மறுபடி உட்கார்ந்தேன்.
பெட்டி கண் விழிக்கும் அந்த இரண்டு விநாடிக்குள்
டெலீட் பட்டனைத் தட்டு தட்டு என்று தட்டி
உள்ளே நுழைந்தால் நீலத் திரை,
ஏழு பக்கம் தள்ளி, யாரும் போகாத மூலையில்
எப்போதும்
ஓடும்போது மட்டும்
வேண்டாம்.

சேமிக்கவா என்றது. சேமி.

ரயில் பாதியில் நின்றது.
இருட்டில் ஃபேன் சத்தம் கேட்டது,
கூடவே இன்னொரு சின்னக் கிறுகிறுப்பு,
இத்தனை நாள் அது எங்கே இருந்ததோ.
படுத்தேன். சுவர் சுவராக இருந்தது.

பன்னிரண்டுக்கு போன். திம்மராயன்.
கோயம்பேட்டுக்குத் தக்காளி லோடு,
லாரி நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறது.
"என்னாச்சு உனக்கு?"
"தூங்கிட்டேன்."
"ஜன்னல்ல கலரக் காணோமே."

நாலு மாதமாம்.
ராயக்கோட்டை வளைவில் திரும்பும்போதெல்லாம்
ஜன்னல் ஊதாவாகும் பச்சையாகும்.
பாவம், இன்னும் வேலை செய்கிறாள் என்று
ஹெட்லைட்டை ஒருமுறை தாழ்த்தி ஏற்றுவானாம்.
"நீ முழிச்சிருக்கேன்னு நெனப்பு.
ஆம்பூர் வரைக்கும் எனக்குத் தூக்கமே வராது."

நான் பத்து மணிக்கே தூங்கியிருக்கிறேன்,
அநேகமாக எல்லா நாளும்.
சொல்லவில்லை. பிறகு சொன்னேன்.
இன்ஜின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.
"ஹெட்லைட்டுக்கு யாரு பதில் சொன்னது அப்போ?"
என்று சிரித்தான். நானும் சிரித்தேன்,
அவனைவிடக் கொஞ்சம் தாமதமாக.

இப்போது அரக்கு அரக்காகவே வருகிறது.
வேலை இருக்கும் ராத்திரி டியூப்லைட் எரியும்.
மற்ற ராத்திரி இருட்டு.
அதைப் பார்த்துவிட்டுப் போகட்டும்,
கந்திலியிலோ வாணியம்பாடியிலோ
ஓரங்கட்டி ஒரு டீ குடிக்கட்டும், கண் சொருகினால்
அரைமணி படுக்கட்டும். தக்காளி பொறுக்கும்.

பெட்டியின் முதுகில்
நெட் கேபிள் செருகும் இடத்தில்
மிளகளவு ஆரஞ்சு ஒன்று மட்டும் இன்னும் மினுங்குகிறது.
தேடிப் பார்த்துவிட்டேன், அதற்கு மெனு கிடையாது.
ரோட்டிலிருந்து அது தெரியாது.