றீடிங் எடுக்க முடியாத வீடு

பாசையூர், மூன்றாம் ஒழுங்கை,
பச்சைத் தகரக் கேற்.
மீற்றர் பெட்டிக்கு நேர் முன்னால்
அறுந்து தொங்கும் பழைய கேபிள் நுனியில்
ஒரு அழுக்குப் பொட்டலம்.
குப்பை என்று தட்டப் போனேன்.
ஈரக் கையோடு ஓடிவந்தாள் பிலோமினா:
"தொடாதையுங்கோ, உள்ளுக்க ஆள் இருக்கு."

ஆள்.
கட்டைவிரல் அளவு.
வளைந்த அலகு மட்டும் வாசலுக்கு வெளியே,
துணியில் விட்டுப்போன ஊசி மாதிரி.
வாசலுக்கு மேலே சின்னதாய் ஒரு தாழ்வாரம் வேறு,
வாடை மழையைச் சரித்தடித்தாலும்
உள்ளே நனையாது.
தேன்சிட்டு. பெட்டை.
கட்டினதும் இவள், அடைகிடப்பதும் இவள்.
அவனோ மினுங்குகிற சட்டையோடு
செவ்வரத்தங் கொப்பில் நின்று
மேற்பார்வை.

ரோச் அடித்துப் பார்த்தேன்.
சிலந்தி நூல்தான் சாந்து.
அதில் வேப்பம் பட்டைத் துகள்,
மயிர்க்கொட்டியின் புழுக்கை,
நீல நைலோன் வலையில் ஒரு இழை,
எந்தத் தலையணையோ விட்ட இலவம் பஞ்சு.
பிறகு
ரோசாக் கடதாசித் துண்டொன்று.
அதில் ஒரு ஏழு.
வயிற்றில் குறுக்குக் கோடு போட்ட ஏழு.
இந்த வட்டாரத்தில் ஏழுக்கு அப்படிக் கோடிழுப்பவன்
நான் ஒருவன்தான்.
என் கையால் எழுதிக் கொடுத்த பில்.
பிலோமினா கட்டினாளோ தெரியாது,
இவள் கட்டிவிட்டாள்.

என் கொப்பியில்
பூட்டிய வீட்டுக்கு ஒரு குறியீடு உண்டு.
உடைந்த மீற்றருக்கு ஒன்று.
கடிநாய்க்கு ஒன்று.
சிட்டுக்கு இல்லை.
நாய் என்று போட்டேன்.
அந்த வீட்டில் நாயே கிடையாது.

அடுத்த மாதமும் நாய்.
மஞ்சள் விளிம்போடு இரண்டு வாய்கள்
என் சைக்கிள் ஸ்ராண்ட் சத்தத்துக்கும் திறந்தன.
கொடுக்க என்னிடம்
பில்லைத் தவிர ஒன்றுமில்லை.

மூன்றாம் மாதம் கூடு வெறுமை.
"ரண்டும் போட்டுதுகள்,
நான் பூசைக்குப் போட்டு வர முன்னம்."
ஒற்றை விரலால் ஒதுக்கினேன்.
பாரம் என்று சொல்ல எதுவுமில்லை,
கொஞ்சம் சூடு மட்டும்,
அது வெயிலாகவும் இருக்கலாம்.
பின்னால் தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது.
இலக்கங்களை எழுதி விரலை எடுக்க
கூடு தானாய்த் திரும்பி
மீற்றரின் முகத்தை மூடியது.

கேற்றடியில் திரும்பிப் பார்த்தால்
வாய் நிறையப் பஞ்சோடு அவள்
அதே கேபிளில்.
"திரும்பவும் உதிலையோ?" என்றாள் பிலோமினா.
சிரித்தாளா, சலித்தாளா, சரியாகக் கேட்கவில்லை.

கந்தோரில் கேட்கிறார்கள்,
பாசையூர் நாய் இன்னும் கிடக்கோ என்று.
கிடக்கு, என்கிறேன்.
பத்துக் கிராம்கூட வராது என்று
சொல்லவில்லை.