ஆறிய எஞ்சின்

மூன்றரைக்குப் போறணை மூட்ட வேண்டும்.
கந்தப்பளையிலிருந்து முதல் பஸ் ஐந்தே கால்,
வந்தால்.
இத்தனை நாள் கரட் லொறியில் தொற்றிப் போனேன்.
கார்த்திகையோடு அவனுக்கு ரூட் மாறிவிட்டது.
ஆகவே ஒரு மோட்டார் சைக்கிள்.
சீட்டு எடுத்த காசு ஒரு லட்சத்து எண்பதாயிரம்,
அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை.

"பொம்பளப் புள்ளக்கி ஸ்கூட்டிதான் தோது"
என்றார் பேக்கரி முதலாளி.
மாகஸ்தோட்டத் திருப்பத்தில்
லீக்ஸ் மூட்டையோடு வந்த சேறு
சின்னச் சில்லை என்ன செய்யும் என்று
அவருக்குத் தெரியாது.
அவர் வருவது எட்டு மணிக்கு, காரில்.

நானுஓயாவில் செபமாலையின் சிவப்பு டிஸ்கவர்.
டாங்கியில் பருந்து ஸ்டிக்கர்,
முன் ஷொக்கில் எண்ணெய் ஒழுகல்.
"கொழும்பு வரைக்கும் அலுக்காது தங்கச்சி."
எனக்குக் கொழும்பு வேண்டாம்.
பதின்மூன்று கிலோமீட்டர்,
ஒரு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாத புகார்,
அதற்குள் நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு.

இராகலையில் பஸீர் நானாவின் பிளாட்டினா
பொத்தானைத் தொட்டதும் பிடித்தது.
"பாத்தீங்களா, பூ மாதிரி."
நான் புறங்கையை எஞ்சினோரம் கொண்டுபோனேன்.

போறணைக்கு மானி கிடையாது.
வாய்க்குள் கையை நீட்டி எண்ணுவேன்.
ஏழில் சுட்டால் பாண்,
பத்தில் சுட்டால் பணிஸ்.
பதினொரு வருசமாக இந்தக் கை
பொய் சொன்னதில்லை.

"எங்க ஓடிட்டு வந்தீங்க நானா?"
"ஓடல்லயே."
கேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல்:
"வாப்பா, இப்பதானே கடைக்குப் போய் வந்தீங்க!"

"நாளைக்கு நாலு மணிக்கு வாறேன். அதுவரைக்கும் தொடாதீங்க."
"விடியக்காலை நாலுக்கா? யாரு அந்நேரம் பைக் பாக்குற?"
"அந்நேரம் ஓடப்போறவ."

மறுநாள் எனக்கு லீவு.
இரவு சித்தி மகள் வீட்டில் படுத்து
நாலுக்குப் போய் நின்றால்
சீட்டில் உப்புத் தூவியது போல் பனி.
பொத்தான் முனகியது, பிறகு அதுவும் இல்லை.
நானா பத்தொன்பது முறை உதைத்தார்.
காதுவரை மூடிய தொப்பிக்குள் வேர்த்து
கடைசியில் சிரித்துவிட்டார்.
பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் வந்தன.
"இது ஒங்களுக்குச் சரிவராது மக" என்று
கோழிக்கூட்டுப் பக்கம் டோர்ச் அடித்தார்.

சாக்குப் போர்த்திய பழைய ஹோண்டா.
நிறம் எது என்று புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும்.
செல்ஃப் இல்லை, கண்ணாடி ஒன்று இல்லை,
பின் டயர் மொட்டை.
எஞ்சினைத் தொட்டேன்:
ஆற்றுக்கல்.
சோக்கை இழுத்து உதைத்தேன். ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் ஊர் நாயெல்லாம் எழுந்தது.

ஒன்று தொண்ணூறு சொன்னார்.
ஒன்று அறுபத்தைந்தில் நின்றேன்.
மிச்சம் டயருக்கு, கையுறைக்கு.
டயரோடு காசு முடிந்துபோனது.

முதல் நாள் ஜேசிக்குள் பழைய பேப்பர் திணித்து
கையில் காலுறை மாட்டிப் புறப்பட்டேன்.
ஹாவா எலிய தாண்டும்போது
பிரேக்கைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று
குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.
மூன்று இருபத்தைந்துக்குச் சேர்ந்துவிட்டேன்.
போறணைக்குள் கையை நீட்டினேன்.
ஏழு. பத்து. பதினான்கு.
ஒன்றும் சுடவில்லை.
இன்னும் இரண்டு கட்டை விறகு தள்ளினேன்.

அறுபது றாத்தல் பாண் அடி கருகிப் போனது.
முதலாளி ஒன்றும் பேசவில்லை,
கணக்குப் புத்தகத்தில் எழுதினார்.

இப்போதெல்லாம் வந்ததும் உள்ளே ஓடுவதில்லை.
படியோரம் நிறுத்தி,
பக்கத்தில் குந்தி,
இரண்டு கையையும் எஞ்சினுக்குக் காட்டுகிறேன்.
அது டிக், டிக் என்று ஆறுகிறது.
விரல் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது,
சுண்டுவிரல் எப்போதும் கடைசி.