வட்டத்துக்குள் ஓர் எண்

கொஸ்கிலாம்பி ஆரம்பப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்.
ஏப்ரல். வெளியே இன்னும் அழுக்குப் பனி.
எட்டு மணிக்குப் பெட்டியைக் கவிழ்த்தோம்.

ஃபின்லாந்தில் சின்னம் கிடையாது.
மடித்த தாளில் அச்சிட்ட வட்டத்துக்குள்
வேட்பாளரின் எண்ணைப் பென்சிலால் எழுத வேண்டும்.
ரகசியம் என்பது அவ்வளவுதான்.

ஆனால் நான் பத்தொன்பது வருஷம்
நான்காம் எந்திரத்தின் ஷிப்ட் புத்தகம் பார்த்தவள்.
நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர், ஈரம் எவ்வளவு,
எத்தனை தடவை தாள் அறுந்தது,
ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு கை எழுதும்.
முகங்கள் மறந்தாலும் எண்கள் மறக்கவில்லை.
ஏழின் இடுப்பில் கோடு போடுவது கிரேன் ஓட்டிய ஆஸ்மோ.
முதுகொடிந்த நாற்காலிபோல நான்கு எழுதுபவர்
என்ஸியோ.

இருநூற்று நான்கு.
இருநூற்று நான்கு.
கட்டு உயர்ந்துகொண்டே போனது.
ஓய்வுபெற்ற டீச்சர் ஸிர்க்கா முணுமுணுத்தாள்:
"என்னதான் ஆச்சு இவங்களுக்கு?"
ரப்பர் பேண்டை நீட்டச் சொன்னேன்.

ஆலை மூடிய வாரம் தலைநகரிலிருந்து வந்தவர்
திரையில் அம்புக்குறிகள் காட்டினார்; எல்லாம் மேல்நோக்கி.
ஐம்பத்துநான்கு வயது என்ஸியோவை
விண்ணப்பம் எழுதும் வகுப்பில் உட்கார வைத்தார்கள்.
'உங்கள் திறமைகள்' என்ற கட்டத்தில் எழுதினார்:
தாள் அறுவதற்கு முன்பே சத்தத்தில் தெரிந்துவிடும்.
வகுப்பெடுத்த பெண் அதை அடித்துவிட்டு
'குழுவாகப் பணியாற்றுவேன்' என்று திருத்தினாள்.

இருநூற்று நான்கு பிப்ரவரியில் வந்தான்.
பெட்ரோல் பங்கில் காபி வாங்கிக்கொண்டு கேட்டான்,
"நாலாம் நம்பர் என்ன வேகத்துல ஓடுச்சு?"
பதினோரு வருஷமாக ஒருவரும் கேட்காத கேள்வி.
என்ஸியோ அரைமணி நேரம் பதில் சொன்னார்.
கிளம்பும்போது எதிரே ஹைதரின் பீட்ஸா கடையைப் பார்த்து
"அதுக்கு வாடகை யார் கட்டறாங்க?" என்றான்.
அவ்வளவே. இரண்டும் ஒரே கோப்பையில் வந்தன.

ஆறு மணிக்கு மேல் அந்தத் தெருவில்
எரிகிற ஒரே விளக்கு ஹைதருடையது.
வெள்ளிதோறும் அங்கேதான் என்ஸியோ சாப்பிடுகிறார்,
மாசக் கடைசியில் கடனுக்கு.
"ஹைதரைச் சொல்லல. அவன் நம்ம ஆளு."
"பின்னே யாரை?"
"மத்தவங்களை."
மற்றவர்கள் இந்த ஊருக்கு வந்ததே இல்லை.
ரயிலே நிற்பதில்லை, எப்படி வருவார்கள்?

பாவம் என்று சொல்லி
அவரைக் குழந்தையாக்க மாட்டேன்.
என்ன எழுதுகிறோம் என்று தெரியாமல்
ஒரு நாளும் எழுதியவரல்ல அவர்.
காலையில் தாளை மடித்து நீட்டினார்,
பின்புறம் முத்திரை குத்தியது நான்.
இருவருமே நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசி ஷிப்டில்
'வேகம்' என்ற கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டார்.
அவசரமில்லாத பூஜ்யம்;
தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடிந்தது.
கீழே கையெழுத்திட்டேன்.
புத்தகத்தைக் கேட்டு யாரும் வரவில்லை.
என் அலமாரியில், போர்வைகளுக்கு அடியில் இருக்கிறது.

இன்றிரவு நூற்றுப்பதினெட்டாவது தாளில்
இரண்டுக்கும் முதுகொடிந்த நான்குக்கும் நடுவே
அதே பூஜ்யம்.

விரலால் தடவினேன்.
தாள் எங்கள் ஊர்த் தாள் இல்லை; கொஞ்சம் சொரசொரப்பு.
ஸிர்க்கா பென்சிலோடு காத்திருந்தாள்.

"செல்லும்" என்றேன்.